நூலுக்கு முன் நிற்கும் சொல்

ஒரு நூலை முழுவதும் படித்த பிறகே அறியக்கூடிய ஒன்றை, அதைத் திறப்பதற்கு முன்பே சில வரிகளில் சொல்லிவிட முடியுமா என்பது மெய்யியலார் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் கேள்வி. வடிவமைப்புக் கல்வி பயிலும் மாணவர் இக்கேள்வியைத் தம் படிப்பின் இறுதி ஆண்டில், பெரும்பாலும் அது ஒரு மெய்யியல் கேள்வி என்பதை உணராமலேயே, சந்திக்கிறார். மாதக்கணக்கில் வரைந்த கோட்டோவியங்களும், அட்டையிலும் களிமண்ணிலும் செய்து பார்த்துக் கைவிட்ட மாதிரிகளும், பயன்படுத்துவோர் சொன்ன குறைகளும் ஒருபுறம் குவிந்து கிடக்க, அவை அனைத்தையும் 250 சொற்களுக்குள் அடக்கி ஆய்வேட்டின் முகப்பில் வைக்கும்படி துறை கேட்கிறது. இதை மொழிப்பயிற்சி சார்ந்த ஒரு சிறு கடமையாகக் கருதி, வாக்கியங்களை வெட்டிக் குறைக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று நினைக்கும் ஆசிரியர்கள் உண்டு. ஆனால் மாணவருக்கு வெட்டத் தெரியாமலில்லை. எதை வெட்டினால் தம் படைப்பு தம் படைப்பாக இல்லாமற் போய்விடும் என்பதுதான் தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்கு, செய்தறிந்த பொருளும் சொல்லப்பட்ட பொருளும் ஒன்றுதானா என்ற வினாவை நேராகக் கேட்டாக வேண்டியிருக்கிறது.

இரண்டு சொற்களை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. ஆய்வுச் சுருக்கம் என்பது ஆய்வேட்டிலிருந்து கழற்றித் தனியே வைத்தாலும் பொருள் தரக்கூடிய, வழக்கமாக 150 முதல் 300 சொற்களுக்குள் அமையும் ஒற்றைப் பத்தி. நூலகப் பட்டியல்களில் அது தனித்தே உலவுவதால், அதைப் படிப்பவருள் பலர் ஆய்வேட்டைத் திறக்காமலே போய்விடுவர். முன்னுரைக்கு அந்தத் தனிவாழ்வு கிடையாது. அடுத்த பக்கத்தைப் புரட்டப்போகும் ஒருவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்வதே அதன் பணி. சுருக்கத்திலும் இருவகை உண்டு. ஆய்வில் கண்டது இன்னது என்று உரைப்பது ஒருவகை. எதைப்பற்றிய ஆய்வு என்று சுட்டுவதோடு நின்றுவிடுவது மற்றொருவகை. முதல்வகையைக் கேட்டால் இரண்டாம் வகையை எழுதிக்கொடுப்பது மாணவரிடையே மிகப் பரவலான வழக்கம். முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன, பரிந்துரைகள் வழங்கப்படுகின்றன என்று முடியும் சுருக்கம் எந்த ஆய்வேட்டுக்கும் பொருந்தும். ஆகவே எந்த ஆய்வேட்டுக்கும் அது உரியதன்று.

முன்கூட்டிச் சொல்வதே கூடாது என்று வாதிட்டவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய மெய்யியலாளர் ஹெகல். 1807இல் வெளிவந்த தம் 'ஆவியின் நிகழ்வியல்' நூலின் முகப்பில், மெய்யியல் நூலுக்கு முகவுரை எழுதுவது தேவையற்றது மட்டுமன்று, அந்நூலின் இயல்புக்கே முரணானது என்று அவர் கூறுகிறார். ஒரு நூலின் நோக்கத்தையும் முடிவையும் மட்டும் எடுத்துச் சொல்வது அதன் பொருளைச் சொல்வதாகாது. அந்த முடிவுக்கு வந்து சேர்ந்த வழியும் முடிவும் சேர்ந்ததே பொருள். வழியை நீக்கிவிட்டு எடுத்த வெறும் முடிவு உயிர் பிரிந்த உடலுக்கு ஒப்பானது என்பது அவர் வாதத்தின் சாரம். முகவுரை கூடாது என்று சொல்லும் அந்த வாதமே ஒரு நீண்ட முகவுரையின் உள்ளேதான் வருகிறது என்பதும், நூலின் உடலை எழுதி முடித்த பிறகு, 1807 சனவரியில்தான் அவர் அதை எழுதினார் என்பதும் கவனிக்கத்தக்கவை. அதே நூலுக்குள் அறிமுகம் என்ற பெயரில் வேறொரு சிறு பகுதியும் உண்டு. அது பயணத்தின் தொடக்கத்தில் நிற்பது, முகவுரையோ பயணம் முடிந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்ப்பது. முன்னால் வைக்கப்படுவது கடைசியில் எழுதப்படுகிறது என்ற இந்தத் தலைகீழ் முறையைத் தெரிந்துகொள்ளாத மாணவர், ஆய்வைத் தொடங்கும்போதே சுருக்கத்தையும் எழுதத் தொடங்கி, அதில் சொன்னதை மெய்ப்பிக்கும் பொருட்டு ஆய்வையே வளைக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

ஹெகலின் தடை வடிவமைப்பைப் பொறுத்தவரை இன்னும் கூர்மையாகிறது. மைக்கேல் போலானி 1966இல் வெளியிட்ட நூலொன்றில், மனிதர் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறார்கள் என்ற கருத்தை நிலைநாட்டினார். சொல்லில் அடங்காது கையிலும் கண்ணிலும் தங்கியிருக்கும் இவ்வறிவை உள்ளுறை அறிவு எனலாம். டொனால்ட் ஷோன் 1983இல், கட்டடக்கலை போன்ற தொழில்களில் வல்லவர்கள் முதலில் சிந்தித்துப் பிறகு செய்வதில்லை, செய்துகொண்டிருக்கும்போதே செயலோடு உரையாடிச் சிந்திக்கிறார்கள் என்று காட்டினார். ஷோனுக்குப் பத்தாண்டுகள் முன்பே, 1973இல், ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, திட்டமிடலிலும் வடிவமைப்பிலும் எதிர்ப்படும் சிக்கல்களை அடங்காச் சிக்கல்கள் என்று அடையாளப்படுத்தியது. கணக்கில் கேள்வி முதலில் வரும், விடை பிறகு வரும். அடங்காச் சிக்கலிலோ தீர்வைத் தேடத் தேடத்தான் சிக்கல் இன்னதென்றே தெரியவரும். இது உண்மையானால், சிக்கல், முறை, முடிவு என்ற வரிசையில் அமையும் எந்தச் சுருக்கமும் நடந்ததை நடந்தபடி சொல்வதாக இருக்க முடியாது. உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1963இல் பி.பி.சி. வானொலி உரையொன்றில், அறிவியல் கட்டுரையின் வழக்கமான வடிவமே ஒரு மோசடியோ என்று கேட்டது இந்தக் காரணத்தால்தான்: சிந்தனை நகர்ந்த வழியைக் கட்டுரையின் வடிவம் மறைத்துவிடுகிறது.

இக்குற்றச்சாட்டுக்கு ஒரு விடை ஏற்கெனவே இருந்தது. ஹான்ஸ் ரைஷன்பாக் 1938இல், ஓர் உண்மையைக் கண்டடையும் சூழலையும் அதை நிறுவிக்காட்டும் சூழலையும் வேறுபடுத்தினார். கண்டடைந்த வழி எத்தனை கோணலாக இருந்தாலும், நிறுவும்போது நேர்வழியில் நிறுவினால் போதும், அதில் பொய் இல்லை என்பது அவ்வேறுபாட்டின் பயன். இயற்பியலுக்கு இவ்விடை ஏறக்குறையப் போதுமானது. வடிவமைப்புக்கு அது பாதி மட்டுமே பொருந்துகிறது. ஏனெனில் ஒரு வடிவமைப்பு ஆய்வில் சிக்கல் எப்படி உருமாறியது என்பதே சில வேளைகளில் மிகப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்துவிடுகிறது. லண்டன் அரச கலைக்கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டபர் ஃப்ரேலிங் 1993இல், கலையையும் வடிவமைப்பையும் பற்றிய ஆய்வு, அவற்றின் வழியாகச் செய்யப்படும் ஆய்வு, அவற்றுக்காகச் செய்யப்படும் ஆய்வு என மூன்றாகப் பகுத்தார். இவற்றுள் நடுவில் உள்ளதில் செய்கையே ஆராய்ச்சிக் கருவி என்பதால், செய்கையின் வரலாற்றை முற்றிலும் அழித்துவிட்டு முடிவை மட்டும் நிறுத்துவது ஹெகல் சொன்ன உயிரற்ற உடலைத்தான் தரும்.

லுட்விக் விட்கென்ஸ்டைனின் இரண்டு முகவுரைகளை அருகருகே வைத்துப் பார்ப்பது இவ்விடத்தில் உதவும். 1921இல் வெளிவந்த 'டிராக்டேட்டஸ்' நூலின் முகவுரையில், நூல் முழுவதன் கருத்தையும் சில சொற்களில் அடக்கிவிடலாம் என்று சொல்லி, ஒரே வாக்கியத்தில் அவர் அடக்கியும் காட்டுகிறார். 1945 சனவரியில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1953இல் அச்சேறிய 'மெய்யியல் ஆய்வுகள்' நூலின் முகவுரையிலோ, தம் எண்ணங்களை ஒரே முழுமையாக ஒட்டவைக்கப் பலமுறை முயன்றும் இயலவில்லை என்றும், நெடும்பயணங்களில் வரைந்த நிலக்காட்சிக் கோட்டோவியங்களின் தொகுப்பாகவே நூலைக் கொள்ள வேண்டும் என்றும் எழுதுகிறார். இவ்விரண்டு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1926 முதல் 1928 வரை, அவர் வியன்னாவில் தம் தமக்கைக்காக ஒரு வீட்டைக் கட்டும் பணியில் ஈடுபட்டிருந்தார். கதவுக் கைப்பிடிகளையும் வெப்பமூட்டிகளையும்கூடத் தாமே வடிவமைத்தார். வேலை ஏறக்குறைய முடிந்த பிறகு ஓர் அறையின் மேற்கூரையை 3 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னார் என்பது குடும்பத்தார் பதிவுசெய்த செய்தி. அந்த 3 சென்டிமீட்டரை எந்தச் சுருக்கத்திலும் வைக்க இயலாது. வடிவமைப்புப் பணிதான் அவர் மெய்யியலை மாற்றியது என்று சொல்வதற்குச் சான்றில்லை, சொல்லவும் தேவையில்லை. இரண்டாம் முகவுரையின் அருமை வேறிடத்தில் இருக்கிறது: சுருக்க இயலாது என்பதையும் அவர் சுருக்கமாகவே சொல்கிறார், இது எவ்வகை நூல், வாசகர் இதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை ஓரிரு பக்கங்களில் நேர்மையாகத் தெரிவித்துவிடுகிறார். ஆக, நூலின் சாரத்தைப் பிழிந்து தர இயலாதவருக்கும் வாசகரிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

அந்த ஒன்று எது என்பதைத் தமிழ் இலக்கண மரபு வியப்புக்குரிய தெளிவோடு வகுத்திருக்கிறது. நூலுக்கு முன் வைக்கப்படும் உரை பாயிரம் எனப்பட்டது. எல்லா நூல்களுக்கும் பொதுவானவற்றைச் சொல்வது பொதுப்பாயிரம், ஒரு குறிப்பிட்ட நூலுக்கே உரியவற்றைச் சொல்வது சிறப்புப்பாயிரம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சிறப்புப்பாயிரத்தில் இடம்பெறவேண்டியவை எட்டு என்கிறது: ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். யாப்பு என்பது இங்கே நூல் தொடுக்கப்பட்ட முறை. நுதலிய பொருள் என்பது நூல் கருதி எடுத்துக்கொண்ட பொருள். எட்டில் ஒன்றே ஒன்றுதான் நூலின் உள்ளடக்கத்தைச் சுட்டுகிறது. ஏனைய ஏழும் நூலுக்கும் உலகத்துக்கும் உள்ள உறவுகள். ஹெகலின் தடை அந்த ஒன்றை மட்டுமே தாக்குகிறது. நூலின் சாரத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றே வைத்துக்கொண்டாலும், யார், எதன் வழியில், யாருக்காக, எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் வகையில், என்ன பயன் கருதிச் செய்தார் என்பதைச் சொல்வதில் எந்த முரணும் இல்லை.

தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரத்தை ஓர் ஆய்வுச் சுருக்கமாகப் படித்துப் பார்ப்பது வடிவமைப்பு மாணவருக்கு எந்தக் கையேட்டையும்விடப் பயன் தரும். ஏறத்தாழ 1,600 நூற்பாக்கள் கொண்ட நூலுக்குப் பனம்பாரனார் அளித்த அப்பாயிரம் 15 அடிகளே உடையது. வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் எல்லை என்று அது தொடங்குகிறது. அதாவது, நூல் சொல்லும் விதிகள் எந்த நிலப்பரப்பில் வழங்கும் மொழிக்குப் பொருந்தும் என்பது முதலிலேயே வரையறுக்கப்பட்டுவிடுகிறது. அடுத்து, மக்கள் பேச்சும் செய்யுளும் ஆகிய இரண்டே ஆய்வுக்கு அடிப்படை என்கிறது. இன்றைய ஆய்வுமொழியில் இதைத் தரவு என்பர். பிறகு எழுத்து, சொல், பொருள் என்ற மூன்று ஆய்பொருள்கள்; பிறகு முன்னைய நூல்களை நோக்கியது; பிறகு முறைப்படி எண்ணித் தொகுத்தது. இறுதியில், பாண்டியன் ஒருவன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில், ஐயம் நீங்க எடுத்துக்காட்டி நூல் ஏற்கப்பட்ட செய்தியும் ஆசிரியர் பெயரும். எல்லை, தரவு, பொருள், முன்னோர் ஆய்வு, முறை, தேர்வாளர் என்று இன்றைய பல்கலைக்கழகம் கேட்கும் ஏறக்குறைய அனைத்தும் அதில் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: மொழியின் சிறப்பு, இலக்கணத்தின் இன்றியமையாமை என்றெல்லாம் உலகப் பொதுவான உண்மைகளை அடுக்கும் தோரணவாயில் அதில் இல்லை. மாணவர் எழுதும் சுருக்கங்களில் முதல் மூன்று வாக்கியங்கள் பெரும்பாலும் அந்தத் தோரணவாயிலாகவே இருப்பதை எந்தத் தேர்வாளரும் அறிவார். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் இந்தப் பாயிரத்துக்கும் தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவுக்கும் மட்டுமே ஒரு தனி விருத்தியுரை எழுதினார் என்பதிலிருந்து, 15 அடிகளுக்குள் எவ்வளவு அடங்கியிருந்தது என்று கணிக்கலாம்.

வடமொழி வேதாந்த மரபும் இதே திசையில்தான் சென்றது. நூலின் தொடக்கத்தில் நான்கு தொடர்புகள் விளங்கவேண்டும் என்பது அதன் விதி; 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சதானந்தரின் 'வேதாந்தசாரம்' அந்நான்கையும் முறையாக விளக்குகிறது. விஷயம் என்பது எடுத்துக்கொண்ட பொருள். பிரயோஜனம் என்பது பயன். சம்பந்தம் என்பது நூலுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு. அதிகாரி என்பது அந்நூலைக் கற்கத் தகுதி பெற்றவர். நான்காவதைத்தான் சதானந்தர் முதலில் எடுத்துக்கொள்கிறார் என்பதில் ஒரு மெய்யியல் நிலைப்பாடு இருக்கிறது: உண்மை பொதுவானதாக இருக்கலாம், ஆனால் ஒரு நூல் எல்லாருக்கும் ஒரே வகையில் உண்மையைத் தருவதில்லை, ஆகவே யாருக்கு என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் என்ன என்ற கேள்விக்குப் போகக்கூடாது. வடிவமைப்பு ஆய்வில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். அங்கே பொருளைப் பயன்படுத்துவோர் ஒருவர், ஆய்வேட்டைப் படிப்போர் மற்றொருவர். இவ்விருவரையும் ஒருவராக எண்ணி எழுதப்படும் முன்னுரைகள் விளம்பரத்தாள்போல ஒலிப்பதற்குக் காரணம் இந்தக் குழப்பமே.

பாயிரம் எதற்கு என்ற வினாவுக்குத் தமிழ் மரபுக்குள்ளேயே இருவேறு விடைகள் உள்ளன; அவை ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போகவில்லை என்பதை உரையாசிரியர்கள் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை. நன்னூலின் பாயிரப் பகுதியில் வரும் வெண்பா ஒன்று, மாடத்துக்கு ஓவியமும், நகருக்குக் கோபுரமும், மகளிருக்கு அணிகலனும் எப்படியோ அப்படியே நூலுக்கு அணிந்துரை என்கிறது. பழைய உரைகாரர்கள் காட்டும் உவமையோ பட்டறையிலிருந்து வருவது: தடித்த கொழு துளையிட்டுச் சென்ற வழியில் தையலூசி எளிதாகச் செல்வதுபோல, பருமையான பாயிரத்தைக் கேட்டவருக்கு நுண்மையான நூல் எளிதில் விளங்கும். முதலாவது பாயிரத்தை அழகாகக் காண்கிறது, இரண்டாவது கருவியாகக் காண்கிறது. அணியா, பயனா என்பது 20ஆம் நூற்றாண்டு வடிவமைப்புச் சிந்தனையின் பெரும் வழக்கு; வியன்னாவில் அடால்ஃப் லோஸ் அணிகலனைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசியதிலிருந்து அது சூடுபிடித்தது. சுருக்கத்தைப் பொறுத்தவரை, கொழுவின் பக்கம் சாய்வதே சரி. கொழு தானே தைப்பதில்லை. அது போட்ட துளை ஊசிக்குத் தேவையான அளவைவிடப் பெரிதானால் தையலே நிற்காது.

கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனையில் மாத்திரைகளைப் போட்டுத் தரும் காகித உறையை, முதியவர்களுக்கு ஏற்றவாறு மாற்றியமைப்பது அவர் எடுத்துக்கொண்ட பணி. எழுத்து சிறிதாக இருப்பதே சிக்கல் என்று அவர் தொடங்குகிறார். பெரிய படங்கள் அச்சிட்ட உறைகளைச் செய்து பார்க்கிறார். முதியவர்கள் மாத்திரையை எடுப்பது பெரும்பாலும் விடியலுக்கு முன்போ, விளக்கை அணைத்த பின்போ என்பதை அவர்கள் வீடுகளில் இருந்து பார்த்த பிறகுதான் உணர்கிறார். சிக்கல் கண்ணிலிருந்து விரலுக்கு இடம்பெயர்கிறது. இம்மாணவியின் முதல் வரைவு, மனித வாழ்வில் மருந்தின் இடம் என்ன என்பதில் தொடங்கி, வடிவமைப்பு என்பது யாது என்ற விளக்கத்தின் வழியாக, தாம் செய்த ஒவ்வொரு மாதிரியையும் நாள்வரிசையில் கூறி, பரிந்துரைகள் வழங்கப்படுகின்றன என்பதில் முடியும். திருத்திய வரைவு இப்படி அமையலாம்: பார்வை மங்கிய, எழுத்தறியாத முதியவர்கள் காலை, மதியம், இரவு மாத்திரைகளை இருளிலும் பிரித்தறியும் வகையில், உறையின் ஓரத்தை மடித்துச் செய்யும் மூன்று தொடு அடையாளங்கள் இவ்வாய்வில் உருவாக்கப்பட்டன, ஒரு சிற்றூரில் இருபது முதியவரிடம் கொடுத்துப் பார்த்ததில் காலை, இரவு அடையாளங்கள் தடையின்றி அறியப்பட்டன, மதிய அடையாளம் இரவு அடையாளத்தோடு குழம்பியது, கைநடுக்கம் உள்ளோரிடம் இம்முறை சோதிக்கப்படவில்லை. சிக்கல் இடம்பெயர்ந்த கதைக்கு இச்சுருக்கத்தில் இடமில்லை. அது முன்னுரையில் வரவேண்டும், அங்கேயும் எழுத்தின் அளவே சிக்கல் என்று கருதித் தொடங்கிய ஆய்வு என்ன கண்டு திசைமாறியது என்று சொல்ல இரண்டு வாக்கியங்கள் போதும். மெடவார் சுட்டிய மறைப்பு அந்த இரண்டு வாக்கியங்களில் நீங்கிவிடுகிறது.

முன்னுரை எழுதக் கற்பிக்கும் இன்றைய பாடநூல்கள் பலவும் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் விவரித்த மூன்று நகர்வுகளைப் பின்பற்றுகின்றன: ஆய்வுக் களத்தை நிறுவுதல், அதில் ஓர் இடைவெளியைக் காட்டுதல், அந்த இடைவெளியைத் தன் ஆய்வால் நிரப்புதல். பயனுள்ள வாய்பாடுதான், ஆயினும் இடைவெளியைக் காட்டியே ஆகவேண்டும் என்ற நெருக்கடியில், இதுவரை எவரும் செய்யாதது என்று மாணவர் எழுதும் வாக்கியம் பெரும்பாலும் அவர் தேடாமையின் அளவையே காட்டுகிறது. நன்னூல் கேட்கும் வழி என்பது, முன்னோர் செய்யாததைவிட, எந்த முன்னோரின் தொடர்ச்சியாக இது வருகிறது என்பதை முதலில் சொல்லச் சொல்கிறது. வடிவமைப்பில் முற்றிலும் புதிய பொருள் என்பது அரிது என்பதால், இவ்வழிமுறையே அங்கே உண்மைக்கு அருகில் நிற்கிறது.

சுருக்கம் என்பது குறைத்துச் சொல்வது என்ற எண்ணத்தையும் மரபு ஏற்கவில்லை. நூலுக்குரிய பத்துக் குற்றங்களை எண்ணும்போது நன்னூல் குன்றக் கூறலை முதலில் வைத்து, மிகைபடக் கூறலை அதற்கு அடுத்துத்தான் வைக்கிறது. பத்து அழகுகளை எண்ணும்போது சுருங்கச் சொல்லலை அடுத்து விளங்க வைத்தல் வருகிறது. சைவ சித்தாந்தத்தின் தலைமை நூலாகிய சிவஞானபோதத்தை மெய்கண்டார் 12 நூற்பாக்களில், 40 அடிகளில் அமைத்தார். அதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு நூற்பாவின் கருத்தையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பகுத்துக் காட்டினார். மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. ஏது என்பது அதற்குரிய காரணம். எடுத்துக்காட்டு என்பது அதை உலகியலில் வைத்து விளக்கும் வெண்பா. ஒரு வாக்கியம் எத்தனை குறுகியதாயினும் அதன் பின்னால் ஏதுவும் எடுத்துக்காட்டும் காத்து நிற்கவேண்டும், கேட்டால் வெளியே வரவேண்டும் என்பது இந்த அமைப்பின் உட்பொருள். அந்நூலுக்குச் சிவஞான முனிவர் ஒரு சிற்றுரையும் மாபாடியம் என்னும் பேருரையும் தனித்தனியே எழுதினார். சிற்றுரை மாபாடியத்தின் துண்டன்று. இரண்டும் அவரவர் தேவைக்கேற்ற முழுமைகள். மாணவரும் தம் சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும், இதற்கு ஏது ஆய்வேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். பக்கம் கிடைக்காத வாக்கியம் நீங்கவேண்டியது.

எஞ்சுவது தன்னைப் பற்றிய சிக்கல். அகமதாபாதில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வித்திட்டது சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை. அவ்வறிக்கையின் முகப்பில், செயலைச் செய், பயனில் பற்று வைக்காதே என்று பொருள்படும் பகவத்கீதை வாசகம் வைக்கப்பட்டிருக்கிறது. இந்திய வடிவமைப்புக் கல்வி அந்த வாசகத்தோடு தொடங்கியிருக்க, அதே கல்வியின் முடிவில் எழுதப்படும் சுருக்கமோ பயன் என்ன என்றே முதலில் கேட்கிறது. முரண்போலத் தோன்றினாலும், பயனில் பற்று வைக்காமல் இருப்பது பயனைச் சொல்லாமல் இருப்பதாகாது. பற்றுள்ளவர்தான் கூட்டியும் மறைத்தும் சொல்கிறார். மதிய அடையாளம் குழம்பியது என்று எழுதத் தயங்குகிறார். விளைவைத் தன் பெருமையாகவோ சிறுமையாகவோ கருதாத ஒருவரால் மட்டுமே அதை ஒரு செய்தியாக எழுதிவைக்க முடியும் என்பதால், கீதை கேட்கும் மனநிலையே நல்ல சுருக்கத்துக்கும் வேண்டிய மனநிலை. அவையடக்கம் என்ற பெயரில் தம் சிறுமையைப் பாடும் மரபு இதிலிருந்து வேறானது. இச்சிறு முயற்சியில் குறைகள் இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்வது எந்தக் குறையையும் சொல்லாமல் தப்பிக்கும் வழியாகவே இன்று ஆகிவிட்டது. கைநடுக்கம் உள்ளோரிடம் சோதிக்கப்படவில்லை என்பது எல்லை கூறல். அதற்கும் அடக்கத்துக்கும் தொடர்பில்லை.

தன்னைத்தான் புகழ்தல் தகாது என்பதால், சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியரே எழுதக் கூடாது என்பதே பழைய விதி. அவருடைய ஆசிரியர், அவரோடு கற்றவர், அவருடைய மாணாக்கர், தகுதியான உரைகாரர் ஆகிய நால்வருள் ஒருவர் எழுதவேண்டும்; பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்றே மரபு சொல்கிறது. தம் ஆற்றலை அறியாதவரிடத்தும், அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும் புலவர் தம்மைத் தாமே உயர்த்திச் சொல்லலாம் என்ற விலக்கையும் நன்னூல் தருகிறது. தம்மை அறியாத வாசகருக்கும் ஆய்விதழ்களுக்கும் சுருக்கம் எழுதும் மாணவர் இந்த விலக்கின் நிழலில் நிற்பவர் எனலாம். ஆயினும் விதியில் உள்ள அறிவை வடிவமைப்புத் துறைகள் கைவிட வேண்டியதில்லை. இறுதித் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு, ஒவ்வொரு மாணவரும் உடன் பயிலும் ஒருவரின் ஆய்வேட்டைப் படித்து, அதற்கு 200 சொற்களில் ஒரு சுருக்கம் எழுதட்டும். ஆய்வேட்டை எழுதியவர் அதைப் படித்துப் பார்த்து, தாம் சொல்ல நினைத்ததில் எது அதில் வரவில்லையோ, அது ஆய்வேட்டிலேயே இல்லையா அல்லது இருந்தும் தெரியவில்லையா என்று தேடட்டும். அதன் பிறகு தம் சுருக்கத்தைத் தாமே எழுதட்டும். இதற்குப் புதிய பாடத்திட்டமோ நிதியோ வேண்டியதில்லை; துறைத்தலைவர் ஒருவர் அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.